முத்துலட்சுமி அம்மையார் விட்டுச் சென்ற காகிதங்கள்

(பத்தாம் வகுப்பு மாணவி, பட்டாபிராம்)



பெரியோர்களின் வாழ்க்கை வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அவர்கள் பிறந்த ஆண்டு, செய்த தொண்டு, பெற்ற பட்டம் ஆகியவற்றை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் அவற்றுள் பாதி மறந்து போகிறது. ஆனால் இந்தச் செய்திகளெல்லாம் நம் கைக்கு எப்படி வந்து சேர்ந்தன, யார் அவற்றைக் காத்து வைத்தார்கள் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சிதான் என்னை அப்படிக் கேட்க வைத்தது.

எங்கள் வீடு பட்டாபிராம் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது. என் தந்தையைப் பெற்ற ஆயா சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று ஆயாவின் கட்டிலுக்கு அடியிலிருந்த தகர டிரங்குப் பெட்டியை வெளியே எடுத்தார்கள். அதில் துணி ஒன்றுமில்லை. சணல் கயிற்றால் கட்டிய இரண்டு காகிதக் கட்டுகள்தான் இருந்தன. நான் பள்ளிக்கூடம் வந்திருந்தபோது முதல் கட்டைப் பழைய பேப்பர்காரர் எடைக்கு வாங்கிப் போய்விட்டார். அவர் இரண்டாம் கட்டுக்காக மறுநாள் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். தராசில் வைப்பதற்கு முன் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு விளக்குக் கம்பம் வேண்டுமென்று எழுதிய மனுவின் நகல் ஒன்று மேலே இருந்தது. அதில் தெருப் பெண்கள் பலர் கையொப்பமிட்டிருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைத்திருந்தனர். அதன் கீழே பதிவுத் தபால் ரசீதுகள், மறுபடி அனுப்பிய மனுக்கள், ஆயா தலைமையில் கூடிய மாதர் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு எல்லாம் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. இருட்டிய பிறகு ரயிலைவிட்டு இறங்கி நாங்கள் அச்சமின்றி நடந்து வருகிறோமே, அந்த வெளிச்சம் இந்தக் காகிதங்களால் வந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முதல் கட்டில் என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

இதை எங்கள் நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டரிடம் வருத்தத்தோடு சொன்னேன். அவர் என்னைத் தேற்றிவிட்டு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாற்றைப் படித்து ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார். அம்மையார் மருத்துவர், சட்டசபை உறுப்பினர், ஆதரவற்ற பெண்களின் தாய் என்பதை நாம் அறிவோம். தம் பொதுவாழ்வின் கடிதங்களும் கோப்புகளும் பின்வருவோர்க்குக் கிடைக்கும்படி விட்டுச் சென்றவர் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும் என்றார் அவர். அப்படிப் படித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் பிறந்த பெண்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். அக்காலத்தில் அம்மரபைச் சேர்ந்த பெண் குழந்தைகள் பலரைக் கோயில்களுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் இருந்தது. தாயின் உறவினர் பட்ட துன்பங்களைச் சிறுவயதிலேயே கண்ணால் கண்ட முத்துலட்சுமி, பின்னாளில் அந்த வழக்கத்தை வேரோடு களையப் பாடுபட்டதில் வியப்பில்லை.

பெண் பருவமடைந்ததும் படிப்பை நிறுத்தி மணம் முடித்து வைப்பது அன்றைய ஊர் வழக்கம். முத்துலட்சுமிக்கோ படிப்பில் அளவற்ற ஆர்வம். தந்தையார் வீட்டிலேயே பாடம் கற்க ஏற்பாடு செய்தார். அவ்வாறே தனித் தேர்வராக 1902இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்துக் கல்லூரியில் சேர வேண்டும். மகாராஜா கல்லூரியோ ஆண்கள் கல்லூரி. ஒரு பெண் வந்து சேர்ந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அன்றைய மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்த எதிர்ப்புகளைத் தள்ளிவிட்டு அனுமதி வழங்கினார். 1904இல் முத்துலட்சுமி அக்கல்லூரியில் அடியெடுத்து வைத்தார். ஆண்கள் படித்த கல்லூரியில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து படிப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை, பெண்கள் மட்டுமே படிக்கும் பள்ளியில் பயிலும் நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருத்துவர் ஆனார்

1907ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912இல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களுள் முதல் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். நம் வீடுகளில் பலர் பிறந்த அதே எழும்பூரில்தான் அம்மையாரின் மருத்துவப் பணியும் தொடங்கியது.

1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார்.  தம்மைச் சரிசமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடை சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டு, அதற்கு அவர் இசைந்த பிறகே திருமணத்திற்குச் சம்மதித்தார். சுந்தர ரெட்டியார் சொன்ன சொல் தவறாமல் மனைவியின் பணிகள் அனைத்திலும் துணை நின்றார்.

மருத்துவராக ஏழைகளின் வீடுகளுக்குச் சென்றபோதுதான் பல உண்மைகள் அம்மையாருக்குப் புலப்பட்டன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தாயாகும் சிறுமிகளைக் கண்டார். மருந்தால் மட்டும் இந்நோய் தீராது, சட்டமும் மாற வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. சென்னை அடையாறில் 1917இல் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் ஈடுபட்டு உழைத்தார். 1925இல் அரசாங்க உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, லண்டன் செல்சி மகளிர் மருத்துவமனையில் மேற்பயிற்சி பெற்றார். 1926இல் பாரிஸில் கூடிய அனைத்துலக மாதர் வாக்குரிமை மகாநாட்டிலும் கலந்துகொண்டார்.

சட்டசபையில் ஒரே பெண்

இந்திய மாகாணங்களுள் பெண்களுக்கு முதன்முதலில் வாக்குரிமை தந்தது சென்னை மாகாணம்; ஆண்டு 1921. ஆயினும் சட்டசபையில் உறுப்பினராகும் உரிமை 1926ஆம் ஆண்டுதான் கிடைத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்தியாயா அவர்கள் போட்டியிட்டுச் சில வாக்குகளில் தோல்வியுற்றார். பின்னர் மாதர் சங்கத்தின் பரிந்துரையால் முத்துலட்சுமி அம்மையாரை அரசாங்கம் சட்டசபைக்கு நியமித்தது. மருத்துவத் தொழில் பாதிக்கப்படுமே என்று அவர் முதலில் தயங்கினார். பெண்களுக்காகப் பேச அங்கே வேறு பெண் இல்லையே என்று எண்ணிப் பின்னர் ஏற்றுக்கொண்டார். 1927 ஜனவரியில் உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டமன்றங்களில் இடம்பெற்ற முதல் பெண்மணி என்ற பெருமை அவருக்கு உரியதாயிற்று.

கிடைத்த பதவியை அவர் அலங்காரமாக எண்ணவில்லை. பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்றார். ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கல்விச் சலுகை கேட்டார். பெண்களின் திருமண வயதை 16 ஆக உயர்த்த வேண்டும் என்று 1928இல் தீர்மானம் கொண்டு வந்தார். 1929இல் சாரதா சட்டம் என்னும் குழந்தை மணத் தடைச் சட்டம் நாடு முழுவதற்கும் நிறைவேறியபோது அதில் பெண்ணின் வயது 14 என்றே குறிக்கப்பட்டது. கல்வி நிலையை ஆராய அமைத்த ஹார்ட்டாக் குழுவிலும் அம்மையார் உறுப்பினராக இருந்து பெண் கல்விக்காக வாதாடினார்.

ஒரு சட்டம் வந்த வழி

அம்மையாரின் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்தியது பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் செய்த முயற்சியாகும். இதை ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது.

1927 நவம்பரில் இவ்வழக்கத்தைத் தடுக்க வேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார், அது நிறைவேறியது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. நடைமுறையில் ஒரு பெரிய முடிச்சு இருந்தது. கோயிலில் தொண்டு செய்யும் பெண்களின் குடும்பத்திற்கு மானிய நிலம் உண்டு. தொண்டை விட்டால் நிலமும் போய்விடும். ஆகவே சோற்றுக்கு வழியில்லாமல் போகுமே என்று அஞ்சியே பல குடும்பங்கள் தம் மகளுக்கும் பொட்டுக் கட்டின. இதை உணர்ந்த அம்மையார் 1929இல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். கோயில் தொண்டு செய்யாவிட்டாலும் அந்நிலம் அப்பெண்களுக்கே உரியதாக இருக்க அது வழி செய்தது. முதலில் பிழைப்புக்கு வழி செய்துவிட்டு அதன் பிறகே தடைச் சட்டத்தை நாடினார் என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். 1930இல் பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டு வந்தார்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. விடுதலை வீரர் எஸ். சத்தியமூர்த்தி அவர்களைப் போன்ற பெருந்தலைவர்களும் மறுத்துப் பேசினர். சென்னைத் தேவதாசிகள் சங்கத்தினரும் அரசாங்கத்திற்கு மனு அனுப்பினர். தாங்கள் கல்வியும் கலையும் அறிந்தவர்கள், சொத்துரிமை உள்ளவர்கள், ஒருசிலர் செய்யும் தவற்றுக்காகத் தங்கள் எல்லாரையும் இழிவாகப் பேசலாகாது என்பது அவர்கள் வாதம். அவர்களுள் இசையிலும் நாட்டியத்திலும் தேர்ந்த பெருங்கலைஞர்கள் இருந்தனர். அவர்கள் மனவருத்தமும் உண்மையானதே. அதே சமயம், விவரம் அறியாத ஏழெட்டு வயதுக் குழந்தையின் வாழ்வைப் பிறர் முடிவு செய்வது நியாயமன்று என்ற அம்மையாரின் வாதமும் உண்மையானது. காந்தியடிகள் அம்மையாரின் முயற்சியை ஆதரித்தார். தந்தை பெரியாரும் ஆதரவாக நின்றார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று இவ்வழக்கத்தை எதிர்த்துப் பேசியதுடன் 1936இல் இதுபற்றி ஒரு நாவலும் எழுதி வெளியிட்டார்.

இந்நிலையில் 1930 மே மாதம் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து அம்மையார் தம் சட்டசபைப் பதவியைத் துறந்தார். மசோதா அரைகுறையாக நிற்கிறதே, பதவியில் இருந்தால்தானே அதை முடிக்கலாம் என்று எண்ணிப் பார்த்தால் அந்தத் துறவு எவ்வளவு பெரியது என்பது விளங்கும். நாட்டு விடுதலைக்காகத் தம் உயிருக்கு நிகரான ஒரு வேலையை நடுவழியில் விட வேண்டி வந்தது.

பதவி போயிற்று, பேனா கையில் இருந்தது. அமைச்சர்களுக்கும் தலைவர்களுக்கும் கடிதம் எழுதினார். மாதர் சங்கங்களைத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பச் செய்தார். மாதர் சங்கத்தின் ஸ்திரீ தர்மம் என்னும் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பேற்று எழுதினார். சட்டசபை அனுபவங்களை 1930இலேயே ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். ஆண்டுகள் உருண்டன. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அன்றோ! நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. ஏற்கெனவே பொட்டுக் கட்டப்பட்ட பெண்களும் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம் என்று அச்சட்டம் உரிமை வழங்கியது. மசோதாவைக் கொண்டு வந்தபோது 43 வயதாக இருந்த அம்மையாருக்கு அப்போது 61 வயது.

ஔவை இல்லம்

சட்டம் வரட்டும் என்று அம்மையார் கைகட்டிக் காத்திருக்கவில்லை. 1930ஆம் ஆண்டு, பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த இளம்பெண்கள் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் ஔவை இல்லம். சாதி சமய வேறுபாடின்றி ஆதரவற்ற பெண் குழந்தைகளை ஏற்று, கல்வியும் கைத்தொழிலும் கற்பித்து வளர்த்த அந்த இல்லம் அடையாறில் இன்றும் நடைபெறுகிறது. கதவைத் தட்டியவர்களுக்குத் திறந்துவிட்ட அந்தச் செயலை நினைக்கும்போது, நம் விடுதியிலுள்ள சகோதரிகளையும் அவர்களைப் பேணும் நம் சிஸ்டர்களையும் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தங்கைக்காக எழுந்த மருத்துவமனை

அம்மையாரின் தங்கை ஒருவர் 1923இல் புற்றுநோயால் மாண்டார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற துயரம் அவரை வாட்டியது. இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். புற்றுநோய் வந்தால் பிழைக்கவா போகிறார்கள், இதற்குச் செலவு எதற்கு என்று பேசியவர்களும் உண்டு. அம்மையார் மனம் தளராமல் வீடு வீடாக நிதி திரட்டினார். 1952 அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் 12 படுக்கைகளோடு ஒரு சிறு கட்டடத்தில் மருத்துவமனை தொடங்கியது. தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென ஏற்பட்ட முதல் மருத்துவமனை அதுவே. அவருடைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அவர்களும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அவர்களும் தம் வாழ்நாளையே அதற்கு அளித்தனர். டாக்டர் சாந்தா அவர்கள் 2021 ஜனவரியில் மறைந்தபோது தமிழகமே கண்ணீர் வடித்தது.

1956இல் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1964இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1968 ஜூலை 22ஆம் நாள், 82 வயது நிறைவடையச் சில நாள்களே இருக்கையில் இயற்கை எய்தினார். ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

காகிதங்கள் சென்ற இடம்

இனி, சிஸ்டர் என்னைக் கவனிக்கச் சொன்ன செய்திக்கு வருகிறேன். அம்மையாரின் கடிதங்கள், சொற்பொழிவுகள், கட்டுரைகள், பொதுப்பணி தொடர்பான கோப்புகள் ஆகியவை புதுடில்லியில் தீன்மூர்த்தி மாளிகையில் உள்ள நேரு நினைவு நூலகத்தில் சேர்க்கப்பட்டன. பிரதமர் நேரு அவர்கள் வாழ்ந்து மறைந்த மாளிகை அது. 2023 முதல் அந்நிறுவனம் பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம் என்று அழைக்கப்படுகிறது. புற்றுநோய் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியவரின் இல்லத்திலேயே அம்மையாரின் காகிதங்கள் போய்த் தங்கியது எனக்கு மகிழ்ச்சியளித்தது. நம் அண்டையூரான ஆவடியில் 1955 ஜனவரியில் புகழ்பெற்ற காங்கிரஸ் மகாநாடு நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்தக் காங்கிரஸ் கமிட்டியின் பழைய ஆவணங்களும், ராஜாஜி அவர்களின் கடிதங்களும் அங்கேதான் உள்ளன.

இப்படித் தலைவர்களின் சொந்தக் காகிதங்களைக் காப்பதற்கு ஒரு முறை உண்டு. துருப்பிடிக்கும் குண்டூசிகளை அகற்றுவார்கள். தேதி, பொருள் ஆகியவற்றின்படி கோப்புகளாகப் பிரித்து எண் கொடுத்துப் பட்டியல் எழுதுவார்கள். ஈரமும் பூச்சியும் அணுகாத அறையில் வைப்பார்கள். அங்கே சென்று படிப்பவர்கள் பேனா வைத்துக்கொள்ளக் கூடாது. பென்சிலால்தான் குறிப்பெடுக்க வேண்டும். ஒரு துளி மை சிந்தினாலும் போன எழுத்து திரும்பாது அல்லவா?

இவற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் 1947இல் ஒரு சட்டம் வந்தது என்று மட்டும் இருக்கும். அது யாரால் வந்தது, இடையில் எத்தனை பேர் உழைத்தார்கள், யார் மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்பவற்றைக் காகிதங்கள்தாம் சொல்லும். அம்மையாரைப் பற்றி எழுதும் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய நூல்களோடு நிறுத்திக்கொள்ளாமல் டில்லியிலுள்ள அவர் கோப்புகளையும் படிக்கிறார்கள். சட்டசபை நடவடிக்கைகளைக் காண எழும்பூர் காந்தி இர்வின் சாலையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற்கு வருகிறார்கள். 1909இல் கட்டிய அந்தச் செங்கல் கட்டடம் எழும்பூர் ரயில் நிலையத்திற்கு எதிரிலேயே இருக்கிறது. அம்மையாரின் பேச்சையும் அவரை மறுத்தவர்களின் பேச்சையும் சேர்த்துப் படிப்பதால், இரு தரப்பாரையும் நியாயமாக எடைபோட முடிகிறது. அம்மையாரைக் குறைகூறி எழுதுபவர்கள்கூட அவர் பாதுகாத்த காகிதங்களையே எடுத்துக்காட்டுகிறார்கள். தம்மைப் பற்றிய நல்லதும் அல்லாததும் பின்வருவோர் பார்வைக்குக் கிடைக்கும்படி விட்டுச் செல்வதற்கு நேர்மையும் துணிவும் வேண்டும்.

பெண்களின் காகிதங்கள்தாம் எளிதில் அழிகின்றன. ஆண்களின் பத்திரங்களும் பட்டயங்களும் இரும்புப் பெட்டியில் இருக்கும். பெண்கள் எழுதியவை அடுப்பு மூட்டவும் பொட்டலம் மடிக்கவும் போய்விடும். அமெரிக்க நாட்டிலும் அப்படியே இருந்தது. அங்கே பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய மாட் உட் பார்க் என்னும் அம்மையார், 1943ஆம் ஆண்டு தம் கடிதங்களையும் ஆவணங்களையும் தாம் படித்த ராட்கிளிஃப் மகளிர் கல்லூரிக்கு அளித்தார். அவற்றிலிருந்து வளர்ந்ததே பெண்கள் வரலாற்றுக்கென விளங்கும் ஷ்லெசிங்கர் நூலகம். நம் தமிழ்நாட்டில் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் பழைய நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் அத்தொகுப்பைக் கொண்டு 1994இல் ஏற்பட்ட நூலகம் இப்போது சென்னைத் தரமணியில் உள்ளது. பிறர் குப்பை என்று எண்ணியதை அவர் செல்வமாக எண்ணியதால் இன்று எத்தனையோ பேர் பயன்பெறுகிறார்கள்.

நாம் செய்யத்தக்கது

என் ஆயா முத்துலட்சுமி அம்மையாரைப் போலப் பெரியவர் அல்லர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனாலும் எழுதிய மனுவுக்கு நகல் வைத்துக்கொள்ள வேண்டும், அனுப்பியதற்கு ரசீது வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அல்லது தாமே அனுபவத்தில் கற்றிருக்கலாம். பதில் வராதபோது பழைய நகலைப் பார்த்து, இன்ன தேதியில் எழுதினோமே என்று மறுபடி எழுதியிருக்கிறார். சட்டசபையில் அம்மையார் செய்த வேலையைத்தான் எங்கள் தெருவளவில் ஆயாவும் செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் கட்டை எடைக்குப் போட்டதற்காக என் தந்தையார் இப்போது மிகவும் வருந்துகிறார். பழைய பேப்பர்காரரிடம் போய்க் கேட்டும் பார்த்தார். அது அதற்குள் ஆலைக்குப் போய்விட்டதாம். எஞ்சிய கட்டைக் கோடை விடுமுறையில் நானும் அப்பாவும் உட்கார்ந்து பிரித்தோம். துருப்பிடித்த ஊசிகளை நீக்கினோம். இராமபாணப் பூச்சி அரித்திருந்த தாள்களைத் தனியே வைத்தோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி வாரியாகப் பட்டியல் எழுதினேன். ரேகை வைத்திருந்த பெண்களில் மூவர் இன்னும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் அந்த மனுவை எடுத்துச் சென்று காட்டினேன். ஒரு பாட்டி தம் ரேகை எது என்று தேடிக் கண்டுபிடித்து, அதன்மீது விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தார்.

தோழியரே! இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாட்டி எழுதிய கடிதமோ, அம்மாவின் சங்கக் கணக்கோ, பழைய பள்ளி மலரோ கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். யார் எழுதியது, எந்த ஆண்டு, எதற்காக என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி அதனோடு வையுங்கள். பெற்றோர்களே! எடைக்குப் போடுமுன் எங்களை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள். நூலகச் சிஸ்டர் நம் நூலகத்தில் இதற்கென ஓர் அலமாரித் தட்டு ஒதுக்கித் தந்திருக்கிறார். என் ஆயாவின் மனுவின் நகல் ஒன்றை முதலாவதாக அதில் வைத்திருக்கிறேன். அடுத்ததை நீங்கள் கொண்டு வாருங்கள்.